ஒரு சட்டிக் கீரைக்கு ஒரு மாடி

வீடு ஓய்வுபெற்ற பஸ் டிரைவரின் மனைவிக்கும் அவள் தம்பிக்கும் பொது. மாடியில் இருந்த தொட்டிகள் மட்டும்தான் டிரைவருடையவை. அந்த மாடியில் தகரக் கூரை போட்டு ஜிம் வைக்க மச்சினன் துடித்துக்கொண்டிருந்தான்.

"அத்தான், உங்க புல்லை எப்ப எடுக்கறீங்க?"

"தண்டுக்கீரைடா. புல்லுன்னா நீ இந்நேரம் மேஞ்சிருப்பியே."

நடுவில் கிடந்து நசுங்கிய மனைவி தீர்ப்புச் சொன்னாள். "ஞாயித்துக்கிழமை மத்தியானம் இந்தச் சட்டி நிறைய மாடிக் கீரை வெந்தா மாடி அவருக்கு. இல்லேன்னா உனக்கு. அதுவரைக்கும் ரெண்டு பேரும் வாயை மூடுங்க."

பின்னால் வரும் வண்டி எதையும் நம்பாமலே ஓட்டிப் பழகியவர் டிரைவர். வியாழக்கிழமை மச்சினன் மாடிப்படியில் நின்று பல் குத்திக்கொண்டிருந்ததைக் கண்டதும் அவர் தொட்டிகளிடம் ஓடினார். செடிக்கு உப்புத்தண்ணீர் ஊற்றிவிடுவானோ? அப்போதே இலை மொத்தத்தையும் உருவினார். மூன்று தண்ணீரில் கழுவி, சொட்டச் சொட்ட பாலிதீன் பைகளில் திணித்து, இறுக்கி முடிச்சுப் போட்டு ஃப்ரிட்ஜுக்குள் தள்ளினார். அன்றிரவு நிம்மதியாகக் குறட்டை விட்டார்.

ஞாயிறு காலை முடிச்சை அவிழ்த்தபோது சாக்கடை நாற்றம். உள்ளே கரும்பச்சையாய்க் கொழகொழத்த சேறு.

"அடடா, மூச்சு முட்டிச் செத்துப்போச்சே!" மச்சினன் முதுகுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான். "ஈரத்தோட கட்டிப்போட்டா எதுதான் தங்கும்? நான் சுண்டுவிரல்கூட வைக்கல அத்தான். எல்லாம் உங்க கைங்கரியம்."

பொய்யாக இருந்தால் சண்டை போட்டிருக்கலாம். மனைவி காலிச் சட்டியை அடுப்பில் வைத்தாள்.

"பத்த வைக்கட்டுமா?"

டிரைவர் கத்தியோடு மாடியேறினார். மொட்டைத் தண்டுகளின் கணுக்களில் குட்டித் துளிர்கள் எட்டிப் பார்த்தன. விட்டுவைத்தால் மறுபடி தழைக்கும். ஆனால் மாடி போய்விடும். யாரும் இல்லையென்று சுற்றிலும் பார்த்துக்கொண்டு, "கோவிச்சுக்காதீங்கப்பா," என்று தொட்டிகளிடம் சொல்லிவிட்டு அத்தனையையும் மண்ணோடு ஒட்ட அறுத்தார்.

அவசரத்தில் பாதி நாரைத்தான் உரிக்க முடிந்தது. நறுக்கிப் பருப்போடு வேகப்போட்டதும் மூடி உட்காராத அளவுக்குச் சட்டி நிறைந்தது.

"இது கீரையாக்கா? குச்சி!"

"மாடியில வளர்ந்த குச்சி. பேசாம தின்னு."

மச்சினன் மென்றான், இழுத்தான், மறுபடி மென்றான். பல்லிடுக்கில் மாட்டிய நாரைப் பிடுங்கிக்கொண்டே முறைத்தான். "ஜெயிச்சுட்டீங்க, சரி. இப்ப மாடியில என்ன இருக்கு? வெறும் மண்ணு!"

"மண்ணு இருக்குல்ல," என்ற டிரைவர், நார் அதிகம் மிதந்த பக்கமாகப் பார்த்து, இன்னொரு கரண்டி அள்ளி அவன் தட்டில் ஊற்றினார்.