எல்லப்பன் உட்கார்ந்த எலும்பு

நிழல் காலடியில் ஒடுங்கிய உச்சிவேளையில் எல்லப்பனின் உடலைக் குளிப்பாட்ட எலும்பின்மேல் உட்கார வைத்தார்கள். அவர் தம்பி தேசப்பன் பின்னால் நின்று தோளைப் பிடித்துக்கொண்டார். மகள் ரத்னா தண்ணீர் ஊற்றினாள்.

அது திமிங்கல எலும்பு. ஆட்டுரல் பருமன். எல்லப்பன் தினமும் வலை பின்ன அதில்தான் உட்காருவார். வழிந்த தண்ணீரை எலும்பு மெல்லக் குடித்தது. நைனா கடலுக்கடியில் தூங்குகிறார் என்று ரத்னாவுக்குத் தோன்றியது.

வேலியோரம் ஒருவர் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நின்றார்.

"செத்த காலேஜ் ஆளு வந்துகீறாரு," என்றார் தேசப்பன். மதராஸ் மியூசியத்துக்கு ஜனங்கள் வைத்த பெயர் அது. "எங்க அண்ணாத்தயும் வோணுமா சாமி? வெறும் எலும்பும் தோலுந்தான் கீது."

யாரோ சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

வந்தவர் சாரங்கபாணி. முதல் தேர்தல் வந்த வருஷம், கோயிலுக்குத் தெற்கே ஒதுங்கிய திமிங்கலத்தை மணலில் புதைக்க வைத்தவர். சதை மக்கியதும் எலும்பெடுக்க வருவதாகச் சொல்லிப் போனார். நடுவில் அடித்த புயல் குழியைத் திறந்தது. எல்லப்பன் ஓர் எலும்பை வீட்டுக்கு உருட்டி வந்தார். கடல் கொடுத்ததற்கு யாரைக் கேட்பது?

பாடையைத் தூக்குமுன் தேசப்பன் சொன்னார்: "நான் வர்துக்குள்ள அந்த எலும்பக் கடல்ல தள்ளிடணும். பொணம் குளிச்சது வூட்ல இருக்கக்கூடாது."

"இருந்துட்டுப் போவட்டும் சித்தப்பா."

"உனுக்கு இன்னா, பித்தா?"

தெருமுனைக்கு மேல் பெண்கள் போகவில்லை. ரத்னா திரும்பி வந்தபோது சாரங்கபாணி எலும்பின் அருகே குந்தியிருந்தார். தொடவில்லை.

"கேக்கற நேரம் இல்லம்மா. மத்ததெல்லாம் லாரில ஏத்தியாச்சு. வால்ல இது ஒண்ணுதான் குறையறது."

"அம்மாம் எலும்புல ஒண்ணு இல்லன்னா இன்னா?"

"எண்ணி, அளந்து பாத்துத்தான் எந்தச் சாதின்னு சொல்றது. ஒண்ணு குறைஞ்சா, கடல்ல இல்லாத ஒரு பிராணிய நாங்க பண்ணி வச்சதா ஆயிடும். பின்னாடி எங்கயோ ஒருத்தன் வேற ஒண்ணக் கண்டெடுப்பான். இதப் பக்கத்துல வச்சுத்தான் ஒத்துப் பாப்பான். நூறு வருஷம் கழிச்சும்."

"நூறு வருசம் வெச்சிருப்பீங்களா?"

"வச்சிருப்போம்."

எலும்பின் ஓரம் காய்ந்து வெளுத்திருந்தது. நடுவில் மட்டும் ஈரம். சுடுகாட்டுப் பக்கமிருந்து பறைச்சத்தம் வந்து வந்து காற்றில் கரைந்தது.

ரத்னா குனிந்தாள். குழந்தைக்குத் தலை துவட்டுவதுபோல் முந்தானையால் அதைத் துடைத்தாள். பிறகு ஒரு பக்கம் பிடித்தாள். அவர் மறுபக்கம் பிடித்தார்.

லாரியில் வைக்கோல் பரப்பி எலும்புகளை வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். வால் பக்கம் ஓர் இடம் காலியாக இருந்தது. வைத்தார்கள். சரியாக அமர்ந்தது.

சாரங்கபாணி சுற்றிலும் வைக்கோலை அடைத்தார். ரத்னா பலகையைப் பிடித்தபடி நின்றாள்.

"இனிமே அதுல யாரும் உக்கார மாட்டாங்கல்ல, சார்?"