மூக்கு நுனியில் ஒரு கொப்புளம்

அந்தக் கொப்புளத்தை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று ஊரிடம் சொல்லலாம், என்னிடமே சொல்லிக்கொள்ள முடியுமா? பார்த்துவிட்டுத்தான் கல்லைத் தட்டினேன்.

மொட்டைமாடியில் காயவைப்பதற்காகக் குடைந்த கத்தரிக்காய்களை நூலில் கோத்துக்கொண்டிருந்த ஷெஹ்ரிபானுக்கு ஓராண்டாக இதே நினைப்புத்தான். எதிரே அக்கா முனவ்வர் ஊசிக் காதில் நூலை நுழைக்கப் பார்த்துக் காற்றைக் குத்திக்கொண்டிருந்தாள். வலது கண்ணில் பால் படர்ந்தது போல் வெள்ளை. முக்காட்டின் ஓரம் நெற்றியில் உரசினால்கூட இன்னும் துடித்துப்போவாள்.

"குடுக்கா, நான் கோத்துத் தர்றேன்."

"போடி. ஒத்தக் கண்ணை வச்சுக்கிட்டே இந்தத் தெருவுல எவ எப்போ துணி காயப்போட்டான்னு சொல்லுவேன். இந்த ஊசி எம்மாத்திரம்?"

ஷெஹ்ரிபானுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆன்தெப் ஊரின் அந்தத் தெருவில் யாருக்கு அக்கி கண்டாலும் ஷெஹ்ரிபானைத்தான் தேடி வருவார்கள். மாமியார் சாகுமுன் தன் உள்ளங்கையை இவள் உள்ளங்கையில் அழுத்திக் கொடுத்துவிட்டுப் போன கைராசி அது. சிவப்புத் துணி போர்த்தி, கொப்புளங்களுக்கு மேலே சிக்கிமுக்கிக் கல்லை இரும்பில் தட்டிப் பொறி பறக்கவிட்டு ஓத வேண்டும். மூன்று விடியற்காலை. அந்த மூன்று நாளும் மருந்து படக் கூடாது, பட்டால் கை பலிக்காது. பெரும்பாலும் எல்லோருக்கும் ஆறிவிடும். தானாகவே ஆறியிருக்குமோ என்று அவள் ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை.

அக்காவுக்கு நெற்றியில் கண்டது. இரண்டாம் நாள் மூக்கு நுனியில் ஒன்று. நான்காம் நாள் கண் சிவந்து வீங்கியபோதுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். டாக்டரம்மா ஷெஹ்ரிபானை வெளியே அழைத்தாள்.

"சின்ன வயசுல சின்னம்மை வந்துச்சா இவங்களுக்கு?"

"ரெண்டு பேருக்கும் வந்துச்சும்மா. ஒரே படுக்கைல கெடந்தோம்."

"அந்தக் கிருமிதான். போகவே இல்ல, நரம்புக்குள்ள தூங்கிட்டு இருந்திருக்கு. வயசாகி உடம்புல எதிர்ப்பு கொறையவும் முழிச்சிருச்சு. மூக்கு நுனிக்கு வந்தா கண்ணுக்கும் வரலாம்னு அர்த்தம். மூணு நாளுக்குள்ள மாத்திரை ஆரம்பிச்சிருந்தா கண்ணு தப்பிச்சிருக்கலாம். என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"பஸ் கெடைக்கல" என்றாள் ஷெஹ்ரிபான்.

அந்தப் பேச்சை அக்காவிடம் அவள் சொல்லவே இல்லை.

படியில் காலடிச் சத்தம். ரொட்டிக்கடைக்காரரின் மனைவி குலிசார் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்தாள். அறுபத்தாறு வயது.

"அக்கா, ரெண்டு மூணு நாளா விலாவுல எரிஞ்சுது. மாவு மூட்டை தூக்கினதுல புடிச்சுக்கிச்சுன்னு நெனச்சேன். நேத்து சாயங்காலம் பாத்தா இப்படி."

சட்டையைத் தூக்கினாள். இடப்பக்கம் மட்டும், முதுகிலிருந்து வயிற்றுக்குப் பாதி வார் கட்டியது போல, சிவப்பில் நீர்க்கொப்புளங்கள்.

"ஐயோ பாவம், அக்கிதான்" என்றாள் முனவ்வர். "ஏன்டி பாத்துக்கிட்டு நிக்கிற? கல்லை எடுத்துட்டு வா. எனக்கு ஒரு கண்ணாவது மிஞ்சினது இவ கையாலதான், குலிசார். இல்லேன்னா ரெண்டும் போயிருக்கும்."

ஷெஹ்ரிபான் உள்ளே போனாள். தகர டப்பாவைத் திறந்தாள். சிவப்புத் துணி, இரும்பு, கல். கல் எப்போதும் போலக் குளிர்ந்திருந்தது. மூடி வைத்துவிட்டு மேலங்கியை மாட்டிக்கொண்டு வந்தாள்.

"நேத்து சாயங்காலம்தான் கொப்புளம் வந்துச்சு, இல்ல? இன்னும் நேரம் இருக்கு. கெளம்பு, டாக்டர்கிட்டே நானே கூட்டிட்டுப் போறேன்."

"டாக்டர் எங்க ஓடிடப் போறாரு? நீ மூணு நாள் தட்டு, அப்புறம் போலாம்."

"அந்த மூணு நாள்தான், குலிசார், மாத்திரை நல்லா வேலை செய்யற நாள்." அக்காவின் பக்கம் திரும்பினாள். "டாக்டரம்மா அன்னிக்கே சொன்னாங்கக்கா. உங்கிட்ட நான் சொல்லல."

முனவ்வர் ஊசியை மடியில் வைத்தாள். நல்ல கண் தங்கையின் முகத்திலேயே நின்றது. கீழே யாரோ தர்பூசணி விற்றுக்கொண்டு போனார்கள்.

"பஸ் கெடைக்கலன்னு சொன்னே, உள்ள எனக்குக் கேட்டுச்சு" என்றாள் முனவ்வர். "பஸ்ஸு நம்ம வாசல்லயேதான நிக்கும்னு நெனச்சுக்கிட்டேன்."

குலிசாருக்கு எதுவும் புரியவில்லை. வலி மட்டும் புரிந்தது. "அக்கா, போற வழிக்கு ஒரு ஆறுதலா ஒரே ஒரு தட்டு தட்டேன். அப்புறம் நீ சொல்ற எடத்துக்கு வர்றேன்."

"தட்டிட்டுத்தான் போயேன்டி" என்றாள் முனவ்வர் மெல்ல. அதில் கோபம் இல்லாததைத்தான் ஷெஹ்ரிபானால் தாங்க முடியவில்லை.

ஒரு தட்டு தட்டினால் இவளுக்கு எரிச்சல் அடங்கியது போல் இருக்கும். நாளைக்குப் போகலாம் என்பாள்.

ஷெஹ்ரிபான் குனிந்து, படியோரம் கிடந்த குலிசாரின் செருப்புகளை எடுத்து அவள் காலருகே வைத்தாள்.

"மாட்டேன்" என்றாள். "செருப்பைப் போடு."