கத்தரி இழுத்த திசை

நான் வாய்க்காரி. யோக் மெய்க்கு நாக்கு நீளம் என்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த வாயை வைத்துக்கொண்டும் ஃபூங் வாத்தியாரை மசிய வைக்க எனக்கு முழுசாக நான்கு மாதம் ஆனது.

என் மகள் சுய் லான் பத்தொன்பது வயதில் காய்ச்சலில் போனாள். தையல் ஃபேக்டரியில் நூல் பிசிறு வெட்டுகிற வேலை அவளுக்கு. ஏழு வருஷம் கழித்து, எங்கள் சீன வழக்கப்படி எலும்பைத் தோண்டி எடுத்துத் துடைத்து, உட்கார்ந்த வாக்கில் முகம் முன்பக்கம் வரும்படி ஜாடியில் அடுக்கி வைத்தேன். ஜாடிக்கு நிரந்தரமாக ஓரிடம் வேண்டும். கல்யாணமாகாத பெண்ணுக்குக் குலத்து மலையில் இடமில்லை என்று என் கொழுந்தன் முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டான். பாவி, அவள் தூக்கி வளர்த்த பிள்ளைகள்தான் அவன் பிள்ளைகள். ஜாடி மலைச்சரிவில் மற்ற ஜாடிகளோடு ஒரு லிச்சி மரத்தடியில் கிடந்தது. அந்தச் சரிவிலும் அடுக்குமாடி வரப்போகிறது என்று அரசாங்க ஆட்கள் வந்து ஒவ்வொரு ஜாடியிலும் சிவப்பில் எண் எழுதிவிட்டுப் போனார்கள். வரும் வருஷம் கல்லறையைக் கூட்டிக் கும்பிடும் நாளுக்குள் எடுக்காவிட்டால் ஆளில்லாத எலும்புகளோடு ஒரே குழியில் போட்டுவிடுவார்கள். என் மகளின் எண் நூற்றுப் பதினான்கு.

ஃபெங் சுயி பார்த்துக் கல்லறைக்கு இடம் குறிப்பதில் ஃபூங் வாத்தியாரை மிஞ்ச ஆளில்லை. என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். முடியாது என்றார். கல்லறையின் பலன் வாரிசுகளுக்குத்தான் போகும், வாரிசே இல்லாத பெண்ணுக்கு இடம் பார்த்து என்ன ஆகப்போகிறது என்று கேட்டார். சரி, வித்தையைச் சொல்லிக்கொடுங்கள், நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அது அதைவிட மோசம் என்றார். இதைக் கற்றவரிடம் இது ஏதாவது ஒன்றைப் பிடுங்கிக்கொள்ளுமாம். அவருடைய பெண்டாட்டி அப்படித்தான் போனாளாம். நானும் விடவில்லை. தினமும் கஞ்சி கொண்டுபோய் அவர் வாசலில் உட்கார்ந்தேன்.

கடைசியில் ஒரு நாள் கேட்டே விட்டேன். "புருஷன் போயாச்சு, பொண்ணு போயாச்சு. இன்னும் எங்கிட்ட எடுக்க என்ன வாத்தியாரே இருக்கு? வேணும்னா இந்த வாய எடுத்துக்கட்டும், ஊரே சந்தோஷப்படும்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறுநாளே நடுவில் காந்த முள் ஆடுகிற திசைத்தட்டை என் கையில் கொடுத்தார். முதல் பாடம், முள்ளின் பக்கத்தில் இரும்பே ஆகாது. சாவி, இடுப்பு வார், ஊக்கு எல்லாவற்றையும் கழற்றி ஒரு கிண்ணத்தில் போட வைத்தார். பிறகு தட்டைச் சுற்றியிருக்கும் இருபத்துநான்கு திசைகள். அதில் ஓர் இடத்துக்கு நல்ல கோடு ஒன்றுதான் அமையும். ஒரு திசை முடிந்து அடுத்தது தொடங்குகிற கோட்டுக்கு வெற்றுக்கோடு என்று பெயர். அதைப் பார்த்து யாரையும் வைக்கக்கூடாது. வைத்தால் போக்கிடம் தெரியாமல் அலைவார்கள். ஒரு நாள்கூட மனுஷர் என்னைப் பாராட்டியதில்லை. மலையைப் பார்க்கச் சொன்னால் மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி பார்க்கிறேன் என்பார்.

நாள் நெருங்க நெருங்க நாயாய் அலைந்தேன். குளத்துக்கு மேலே ஒரு மேடு கிடைத்தது. பின்னால் மலை, இரண்டு பக்கமும் கைபோல நீண்ட பாறைகள், முன்னால் தண்ணீர். முள்ளைப் பார்த்தால் நல்ல கோடு நேராக என் வீட்டுத் தகரக் கூரைக்குப் போனது. ஐந்து நாள் பார்த்தேன், ஐந்து நாளும் அப்படியே. என் பிள்ளை காலமெல்லாம் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

கெடு முடிகிற நாளன்று ஜாடியைத் தூக்கிக்கொண்டு போனோம். வாத்தியார் தட்டை வைத்து முள்ளைப் பார்த்தார். என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார். பிறகு கிட்டே வரச் சொன்னார். மறுபடி தள்ளிப் போகச் சொன்னார்.

"அக்கா, ஒடம்புல என்ன இரும்பு வச்சிருக்கீங்க?"

ஒன்றும் இல்லையே என்று சிடுசிடுத்தேன். அவர் என் கழுத்துக் கயிற்றைப் பார்த்தார். சட்டைக்குள்ளிருந்து அதை இழுத்து எடுத்தேன். சுய் லானின் நூல் வெட்டுகிற கத்தரி. எட்டு வருஷமாக என் நெஞ்சில் கிடக்கிறது.

"மொத நாளே சொன்னேனே அக்கா."

"இரும்பக் கழட்டச் சொன்னீங்க. இது அவ, வாத்தியாரே."

அவர் குளத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். நான் கத்தரியைத் தூரத்தில் ஒரு கல்மேல் வைத்துவிட்டு வந்து குனிந்து பார்த்தேன். என் வீட்டைப் பார்த்துப் போவது வெற்றுக்கோடு. நல்ல கோடு பின்னால் இருக்கிற மலைக் கணவாய்ப் பக்கம் போனது. அதைப் பார்த்து வைத்தால் என் வீடு அவளுக்கு முதுகுப் பக்கம். வேறு இடம் தேட நாளில்லை.

"வீட்டப் பாத்தே வச்சிருங்க அக்கா," என்றார் மெதுவாக. "வாரிசு இல்லாத கல்லற. யாருக்கு என்ன ஆயிரப்போவுது? நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

நாலெழுத்து தெரியாமல் இருந்திருந்தால் வைத்திருப்பேன். நிம்மதியாக வீட்டுக்குப் போய்த் தூங்கியும் இருப்பேன். இப்போது எனக்குத் தெரியுமே. என் ஆசைக்காக அவளை வழி தெரியாமல் அலையவிட என்னால் முடியவில்லை. கற்றவளிடம் ஒன்றைப் பிடுங்கும் என்றாரே, பிடுங்கிவிட்டது.

ஜாடியை நான்தான் திருப்பினேன். வாத்தியாரைத் தொடவிடவில்லை. முகம் கணவாய்ப் பக்கம் போகும்வரை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினேன். பள்ளிக்குப் போகமாட்டேன் என்று அழுதவளை இதே கையால் தோளைப் பிடித்துத் தெருப்பக்கம் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அன்றைக்கு அவள் மூன்று தடவை திரும்பிப் பார்த்தாள்.

திசைத்தட்டை அன்றைக்கே வாத்தியாரிடம் கொடுத்துவிட்டேன். கத்தரியை எடுத்து மறுபடி கழுத்தில் போட்டுக்கொண்டேன். இப்போதும் வாசலில் நின்றால் அந்த மேடு தெரிகிறது. என் பிள்ளையின் முதுகுதான் தெரிகிறது.