இரண்டு பாதங்களும் சமம்

மனித குலம் காகிதத்தை ஜெயித்தது ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், எங்கள் ஷூ கடையில். அறிவித்தவன் என் அண்ணன்.

கடை அண்ணியுடையது. ஒரு பாதம் வளைந்தவர்கள், ஒரு பாதம் மட்டும் சிறுத்தவர்கள், விபத்தில் விரல் போனவர்கள்தான் அங்கே வருவார்கள். அண்ணி தரையில் மண்டியிட்டு, வந்தவரின் பாதத்தைத் தாளில் வைத்து, பென்சிலால் சுற்றி வரைவாள்.

"இந்தக் காலத்துலயும் கண்டவங்க காலைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கியே!" என்பான் அண்ணன்.

அவன் வாங்கி வந்த ஸ்கேனர் நாளைய உலகத்துக்கானது. தாளைத் தானே இழுக்கும், கறையைத் துடைக்கும், பிழை கண்டால் கேட்காமலே திருத்தும். அண்ணி அம்மா வீட்டுக்குப் போயிருந்த வாரத்தில் அறுநூறு பேரின் தாள்களை அது விழுங்கியது. அசல்களை அண்ணன் சுக்குநூறாக்கும் மெஷினுக்கு ஊட்டினான். பின்கட்டில் தோல் வெட்டுபவர், ஸ்கேனர் திருத்தி அச்சடித்த புதுத் தாள் சொன்னபடி வெட்டினார். தாளோடு சண்டை போடுகிற வழக்கம் அவருக்கு இல்லை.

அண்ணி திரும்பிய ஞாயிற்றுக்கிழமை தபால்காரம்மா வந்தார். மறுநாள் காலை அவருக்கு வேலையில் முதல் நாள். தெருத் தெருவாக நடக்க வேண்டும். முதல் வாரத்தில் நொண்டினால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். போன வாரம் சொல்லி வைத்திருந்த புது ஷூவை மாட்டி எழுந்தார். வலதைவிடச் சிறிய இடது பாதம் உள்ளே நீந்தியது.

"ஏம்மா, உங்க கணக்குல என் இடது கால் வளர்ந்துடுச்சா? சொல்லவே இல்ல?"

அண்ணி கம்ப்யூட்டரைத் திறந்தாள். ஊரிலுள்ள கோணல் பாதமெல்லாம் ஜோடி ஜோடியாக, அச்சில் வார்த்த மாதிரி இருந்தன. ஒவ்வொன்றின் கீழும் ஒரே வரி: 'இடதும் வலதும் பொருந்தவில்லை. சரிசெய்யப்பட்டது.'

"என்னங்க, பழைய அளவைக் குடுக்கச் சொல்லுங்க."

அண்ணன் பட்டன்களை அழுத்தினான். ஸ்கேனர் மிகுந்த மரியாதையோடு கேட்டது: 'அசல் தாளை வைக்கவும்.'

அண்ணி ஷூவுக்குள் பஞ்சை அடைத்தாள். நாலாவது அடியில் குதிகால் வெளியே வந்தது.

"புதுசா செய்ய எத்தனை நாள்மா?"

"நாலு நாளாகும்க்கா."

"வேலை நாளைக்கு."

தபால்காரம்மா பழைய செருப்பைக் காலால் துழாவினார். அதன் வார் ஏற்கெனவே இரண்டு இடத்தில் தைத்தது.

அண்ணன் ஒரு வெள்ளைத் தாளை எடுத்துத் தரையில் விரித்தான். மண்டியிட்டான். அவர் கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்துத் தாளின்மேல் வைத்தான்.

"அசையாம நில்லுங்கக்கா" என்றான், எங்களுக்குப் பாதிதான் கேட்ட குரலில்.