எட்டு வழிச் சாலைக்கு இரண்டு கடிதங்கள்

கூட்டத்துக்கு வந்தவர்கள் ஐந்து பேர். சொல்பாத் அடுக்குமாடிக் குடியிருப்பின் முதியோர் அறையில், தரைக்கடியிலிருந்து வரும் வெப்பம் நன்றாக ஏறும் உட்சுவர் ஓரத்தில் குடியிருப்போர் சங்கத் தலைவர் நம்குங் உட்கார்ந்திருந்தார். அவருக்கு வலப்பக்கம், தொடையோடு தொடை ஒட்டினாற்போல், நூற்றுநான்காம் கட்டடத்து ஜூஹோ அம்மா. எதிரே முட்டிவலிக்காகக் காலை நீட்டிக்கொண்டு ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் பியோ. நடுவில் குட்டை மேசை, அதன்மேல் ஆரஞ்சுத் தட்டும் மடிக்கணினியும். மடிக்கணினிக்குப் பின்னால் செயலாளர் ஹேரிம், சேபோமின் அம்மா. கடைசியாக, செருப்பு கழற்றும் இடத்தை ஒட்டி, சூடு எட்டாத தரையில் ஓக் மிரான்.

மிரானை யாரும் அழைக்கவில்லை. சாலைக்கு அந்தப் பக்கம் புதிதாக எழுந்த முப்பத்தேழு மாடி வாடகைக் கோபுரத்தில் அவள் தன் சின்னப் பையனோடு குடியிருக்கிறாள். பேருந்து நிறுத்தத்தில் ஒட்டியிருந்த அறிவிப்பில் "அக்கறையுள்ள அனைவரும் வரலாம்" என்று இருந்ததாம். அந்த வரியைப் போட்டவள் ஹேரிம்தான். எல்லா அறிவிப்பிலும் வழக்கமாகப் போடுகிற வரி. அதைப் படித்துவிட்டு ஒருத்தி வந்து நிற்பாள் என்று அவள் நினைக்கவே இல்லை.

விஷயம் இதுதான். கோபுரத்துப் பிள்ளைகளை வருகிற மார்ச்சிலிருந்து சொல்பாத் தொடக்கப் பள்ளியில் சேர்க்கலாம் என்று மாவட்டக் கல்வி அலுவலகம் யோசனை வெளியிட்டிருந்தது. எந்தப் பகுதிப் பிள்ளைகள் எந்த நடுநிலைப் பள்ளிக்கு என்ற எல்லைகளையும் சேர்த்தே பார்க்கப் போகிறார்களாம். வெள்ளிக்கிழமைக்குள் கருத்து எழுதி அனுப்ப வேண்டும்.

"நான் யாரையும் குறைச்சுப் பேசல," என்று ஆரம்பித்தார் நம்குங். அப்படி ஆரம்பித்தால் என்ன வரும் என்று எல்லோருக்கும் தெரியும். "ஏற்கனவே விளையாட்டு மைதானத்துல பாதியைத் தற்காலிகமா வச்ச பெட்டி வகுப்பறை முழுங்கிடுச்சு. இன்னும் ஒரு கோபுரமே வந்து இறங்குனா எங்க வைக்கிறது?"

"ஒரே மாடியில பத்து வீடாம் அங்க," என்றாள் ஜூஹோ அம்மா. "லிஃப்ட்ல மூச்சு விட முடியாதாம்."

"நீ போய் விட்டுப் பார்த்தியா?" என்றார் பியோ, ஆரஞ்சு உரித்துக்கொண்டே.

"ஐயா, நீங்க சும்மா இருங்க. வீட்டு விலை இறங்குனா உங்களுக்கும்தான் போச்சு."

"எனக்கு இருக்கிறது ஒரு வீடு. அதுலதான் சாகப்போறேன். விலை ஏறுனா என்ன, இறங்குனா என்ன?"

நம்குங் கையை உயர்த்தினார். "இடமில்லைன்னு எழுதுனா, இன்னும் ரெண்டு பெட்டி தர்றோம்னு சொல்லிடுவாங்க. விலையைப் பத்தி எழுதுனா பத்திரிகைக்காரன் நம்ம மானத்தை வாங்கிடுவான். அதனால பாதுகாப்பு. எட்டு வழிச் சாலை. சின்னப் பிள்ளைங்க அதைக் கடந்து வரக்கூடாது. அந்தப் பிள்ளைங்க நல்லதுக்குத்தான் சொல்றோம். சாலைதான் எல்லை, அவ்வளவுதான். சேபோம் அம்மா, எழுதிக்குங்க: தினமும் காலையில பிள்ளைங்களைக் கடக்கவிடக் கொடி பிடிச்சு அங்க நிக்கிற எங்க செயலாளரே இதுக்குச் சாட்சி."

ஹேரிமின் விரல்கள் நின்றன. "நானா?"

"நீங்கதானே மூணு வருஷம் முன்னாடி அந்தச் சாலை ஆபத்துன்னு கடிதமாப் போட்டுத் தள்ளுனீங்க?"

"அதுக்கப்புறம் விளக்கு நேரத்தைக் கூட்டிட்டாங்க, தலைவரே. நடுவுல நின்னு போக மேடையும் கட்டிட்டாங்க. இப்ப ஒரு பயமும் இல்ல."

"அது அலுவலகத்துக்குத் தெரியுமா?"

"அவங்கதானே கட்டுனாங்க!"

பியோ விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் வாசலோரத்திலிருந்து மிரான் கேட்டாள்:

"தப்பா எடுத்துக்காதீங்க. தோசோங் நடுநிலைப் பள்ளி எங்க பக்கம்தானே இருக்கு? சாலைதான் எல்லைன்னா, உங்க பிள்ளைங்க ஆறாவது முடிச்சுட்டு எங்க போவாங்க?"

குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். 

ஹேரிம் தன் பிள்ளையை நினைத்தாள். சேபோம் இப்போது ஆறாவது. பேர்போன தோசோங்கில் இடம் கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான் இஞ்சோன் நகரில் இருந்த விசாலமான வீட்டை விட்டுவிட்டு, கழுத்தளவு கடனோடு இந்தப் புறாக்கூண்டுக்கு வந்தார்கள். கணவன் தினமும் இரண்டு ரயில் மாறி வேலைக்குப் போகிறான். சொல்பாத்தில் பாதிக் குடும்பங்களின் கதை இதுதான்.

"ஐயோ," என்றாள் ஜூஹோ அம்மா மெதுவாக. "தோசோங் போச்சுன்னா நாம செத்தோம்."

நம்குங் தொண்டையைச் செருமினார். நெடுநாள் ஏற்றுமதி நிறுவனத்தில் இருந்தவர்; சிக்கல் வந்தால் அவருக்குக் குரல் இன்னும் கனிவாகிவிடும். "ரெண்டு கடிதமாப் போடுவோம். தொடக்கப் பள்ளிப் பிரிவுக்கு ஒண்ணு: சாலை ஆபத்து. நடுநிலைப் பிரிவுக்கு ஒண்ணு: சாலையில நல்ல வசதி இருக்கு, பிள்ளைங்க பத்திரமாக் கடக்கலாம். சாட்சி ரெண்டுலயும் நம்ம செயலாளர்தான். ஒண்ணு வியாழக்கிழமை, இன்னொண்ணு வெள்ளிக்கிழமை அனுப்புங்க. அந்த ஆளுங்க ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்கவே மாட்டாங்க."

"நீங்க பெரிய ஆளு தலைவரே," என்றார் பியோ. பாராட்டா கிண்டலா என்று யாருக்கும் பிடிபடவில்லை. அவர் தட்டிலிருந்து இரண்டு ஆரஞ்சை எடுத்து வாசல் பக்கம் உருட்டிவிட்டார். "ஏம்மா, பையனுக்குக் கொண்டுபோ."

மிரான் பழங்களைப் பொறுக்கிக்கொண்டு எழுந்தாள். எல்லோருக்கும் குனிந்து வணக்கம் சொல்லிவிட்டுப் போனாள்.

வியாழக்கிழமை காலை ஹேரிம் மஞ்சள் கொடியோடு சாலையோரம் நின்றாள். எதிர்ப்பக்கத்திலிருந்து மிரான் தன் மகன் ஈதாமை இந்தப் பக்கத்து மழலையர் பள்ளிக்கு அழைத்துவந்தாள். அடுத்த மார்ச்சில் அவன் முதல் வகுப்பு. இங்கே இல்லையென்றால், ரயில் பணிமனைக்குப் பின்னால் இருக்கும் பள்ளிக்குப் பேருந்து ஏற வேண்டும். விளக்கு மாறியதும் பையன் கையை நேராகத் தூக்கிக்கொண்டு நடந்தான், நடுமேடையில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தான், மீண்டும் நடந்தான். ஹேரிமுக்கு நேரே வந்ததும், "கொடி அத்தை, வணக்கம்," என்றான். அவன் கடந்து முடித்த பிறகும் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து கடிதங்களை எழுத உட்கார்ந்தாள். நாலு வரி தட்டச்சடித்ததும் எழுந்துபோய் அரிசியைக் களைந்தாள். களைந்த அரிசியையே மறுபடி களைந்தாள். "அன்றாடம் அங்கு நிற்கும் எங்கள் செயலாளர் ப்யோன் ஹேரிம் நேரில் கண்டபடி, இச்சாலை குழந்தைகளுக்குப் பேராபத்தானது." அடுத்த தாளில், "அன்றாடம் அங்கு நிற்கும் எங்கள் செயலாளர் ப்யோன் ஹேரிம் நேரில் கண்டபடி, இச்சாலையைப் பிள்ளைகள் அச்சமின்றிக் கடக்கலாம்." முதல் தாள் பொய். அவள் பெயரில், அவள் கையாலேயே எழுதிய பொய்.

கணவன் தொலைபேசியில் கேட்டான்: "தோசோங் கடிதம் போயிடுச்சா?"

"இன்னும் இல்ல."

"அது மட்டும் தவறக் கூடாது. மத்தது எப்படிப் போனா நமக்கென்ன?"

"ஆமா," என்றாள். சொல்லிவிட்டு இரண்டு தாளையும் மறுபடி படித்தாள்.

மதியம் நம்குங் இரண்டு தாளிலும் குடியிருப்பின் சிவப்பு முத்திரையை அழுத்தி வைத்தார். "இது இன்னைக்கு, அது நாளைக்கு. வேற வேற உறை," என்று விரலால் தட்டிச் சொன்னார்.

அஞ்சலகத்தில் பசைக் கிண்ணம் வைத்த மேசை முன்னால் ஹேரிம் வெகுநேரம் நின்றாள். கைப்பையில் இரண்டு தாள்களும் இரண்டு உறைகளும் இருந்தன. ஓர் உறையை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். சேர்த்து அனுப்பினால், ஒரே சாட்சி இரண்டு விதமாகச் சொல்வது ஒரே மேசையில் தெரிந்துவிடும்; பிறகு என்ன ஆகும்? சாலை இரண்டு பக்கத்துக்கும் திறந்திருக்கலாம். இரண்டு பக்கத்துக்கும் மூடியும் போகலாம். சேபோமுக்கு தோசோங் இல்லாமல் போகலாம். அன்று கணவன் முகத்தை எப்படிப் பார்ப்பது? ஆனால் தனித்தனியாகப் போனால் மூடுவது ஈதாமுக்கு மட்டும்தான். நாளைக் காலையிலும் அவன் கையைத் தூக்கிக்கொண்டு அவளை நோக்கித்தான் நடந்து வருவான்.

இரண்டு தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஓரம் பிசகாமல் மூன்றாக மடித்தாள். ஒரே உறையில் போட்டாள். பிரிவின் பெயர் எதையும் எழுதாமல், "பள்ளி எல்லைக் கருத்துகள், கல்வி அலுவலகம்" என்று மட்டும் எழுதினாள். பசை தடவி, வாயை மூடி, கட்டைவிரலால் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை தேய்த்தாள். பசை கொஞ்சம் வெளியே பிதுங்கியது. துடைத்துவிட்டாள்.

"பதிவுத் தபாலா? உள்ள ஒரு கடிதமா?" என்று சாளரத்தில் இருந்த பெண் கேட்டாள்.

"ரெண்டு."

அந்தப் பெண் உறையை எடைபோட்டு, ஒட்டுச்சீட்டை ஒட்டி, பின்னால் இருந்த பையில் போட்டாள்.