ஜெயக்கொடி பிடித்த இரண்டாவது செங்கல்

எரிகிற சூடத்தை அணைத்துச் சத்தியம்: இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

எண்பத்தொன்பதாம் வருஷம் அஸ்தினாபுரத்தில் குமாஸ்தா ஸ்ரீரங்கன் வீட்டுக்கு மாடி எழும்பிக்கொண்டிருந்தது. கீழே நின்று தசரதன் செங்கல் வீசுவான். சாரத்தின் மேல் நின்று சித்தாள் ஜெயக்கொடி பிடிப்பாள். பத்து வருஷத்தில் ஒரு கல் தவறியதில்லை. அவள் பிடிக்கிற அழகைப் பார்க்கவே குரோம்பேட்டை மேஸ்திரிகள் சைக்கிளை நிறுத்துவார்கள்.

அந்த ஐப்பசியில் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது இடது கண்ணை மூக்குப் பக்கமாக இழுத்து வைத்துவிட்டுப் போனது. அன்றிலிருந்து பார்த்ததெல்லாம் இரண்டு. மேஸ்திரி குப்புராஜுக்குத் தெரிந்தால் கீழே இறக்கி மணல் சுமக்க விட்டுவிடுவார். வாயைத் திறக்காமல் சாரத்தில் ஏறினாள்.

தசரதன் ஒரு கல் வீசினான். அவளுக்கு இரண்டு வந்தன. எது நிஜம் என்று யோசிக்க ஏது நேரம்? கைக்கு ஒன்றாகப் பிடித்தாள். இரண்டும் கனத்தன.

சாயங்காலம் குப்புராஜ் தலையைச் சொறிந்தார். "இன்னா ஜெயக்கொடி, கீழ ஐந்நூறு கல்லு வச்சேன், மேல ஆயிரம் கீது?"

"எண்ணுனது தப்பா இருக்கும் மேஸ்திரி."

மழையில் சூளைகள் அணைந்து கல் கிடைக்காமல் தவித்த ஸ்ரீரங்கன், மாடியில் இன்னொரு ரூமுக்கும் பிளான் போட்டார்.

ஜெயக்கொடிக்குத்தான் தலை சுற்றியது. தாம்பரத்தில் ஒரு கண் டாக்டரிடம் போனாள். இரண்டு கண்ணும் ஆளுக்கொரு படம் பிடிக்கும், மூளை அவற்றைத் தையல் தெரியாமல் ஒன்றாக்கும், இரண்டு படத்துக்கும் உள்ள சிறு வித்தியாசத்தை வைத்தே தூரத்தை அளக்கும் என்றார் அவர். இப்போது கண்கள் ஆளுக்கொரு பக்கம் பார்ப்பதால் தையல் பிரிந்துவிட்டதாம். கண் தேறும்வரை படங்களைச் சேர்த்து வைக்க ஒரு கண்ணாடி எழுதிக் கொடுத்தார்.

விஷயம் தெரிந்த ஸ்ரீரங்கன், கைப்பிடிச் சுவர் முடியும்வரை கண்ணாடி வேண்டாமே என்று கெஞ்சினார்.

"வூட்ல ரெண்டு புருசன் குந்திகினு கீறான் சார். ஒருத்தனுக்கே சோறாக்கி மாளல."

கண்ணாடியோடு வந்தவளைக் குப்புராஜ் மணல் பக்கம் போகச் சொன்னார். ஒரே ஒரு கல் வீசிப் பார்க்கட்டும் என்றாள் அவள்.

சாரத்தில் நின்று ஒரு கண்ணைப் பொத்தினாள். தசரதன், தென்னை, வானம் எல்லாம் காலண்டர் படம்போல ஒட்டிக் கிடந்தன. கையை எடுத்தாள். நடுவில் இருந்த வெளி அத்தனையும் விரிந்து கொடுத்தது. அடடா, இத்தனை நாளும் இதையா சும்மா வைத்திருந்தோம் என்று நினைத்தாள். கல் வந்தது. ஒன்றுதான். அது மேலேறி, ஒரு நொடி நின்று, இறங்கப் போகிற இடத்தில் கையை நீட்டினாள். கோழி கூட்டில் அடைவதுபோல அது வந்து உட்கார்ந்தது.

"மேலயே இரு" என்றார் குப்புராஜ்.

ஸ்ரீரங்கனின் அந்த மாடிக்கு இன்றுவரை கைப்பிடிச் சுவர் கிடையாது.