வாங்கியதைவிட அதிகம் கொடுத்த பவர் சப்ளை

புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் வடிவமைத்த முதல் பவர் சப்ளை, உள்ளே வாங்கிய மின்சாரத்தைவிட வெளியே அதிகமாகக் கொடுத்தது. அன்று கேண்டீன் டீ வழக்கம்போல் ஆறித்தான் இருந்தது. நூறு வாட் போட்டால் தொண்ணூறு திரும்பி வருவதே அந்தத் தொழிலில் பெரிய பாடு. மிச்சம் சூடாகப் போய்விடும், அந்தச் சூட்டோடு மல்லுக்கட்டத்தான் எல்லோருக்கும் சம்பளம். இவளுடையதோ நூற்றுப்பத்தைக் கொடுத்துவிட்டு ஜில்லென்று உட்கார்ந்திருந்தது. மீட்டரை மாற்றினாள், வயரை மாற்றினாள், கடைசியில் மூக்குக் கண்ணாடியையும் துடைத்துப் பார்த்தாள். முதல் டிசைன் தேறினால்தான் வேலை நிரந்தரம். அம்மாவோ, பொண்ணு கரண்டே செய்கிறாள் என்று அதற்குள் தெரு முழுக்கச் சொல்லி முடித்திருந்தாள்.

மேலாளருக்கு லேபில் குக்கர் என்று பெயர். காலையிலிருந்தே யார்மேலாவது வெடித்துக்கொண்டிருப்பார், வெடிப்பதற்கு முன் மூக்கில் விசில் வரும். "நூத்திப்பத்தா? என்னம்மா, கொசுறு போட்டுத் தர்றியா? கூட்டல் கழித்தல் தெரியுமா தெரியாதா?" என்று அவர் கத்தக் கத்த மீட்டர் ஏறியது, மூச்சு வாங்க நிறுத்தியதும் இறங்கியது. அந்த பவர் சப்ளை போர்டு அவருடைய கோபத்தைக் குடிக்கிறது என்பது சாயங்காலத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. யாரும் ஆச்சரியப்படவில்லை. இத்தனை வருஷக் கத்தல் வீணாய்ப் போனதே என்றுதான் வருத்தப்பட்டார்கள். சில மாதங்களில் மேலாளர் கோபமெல்லாம் வற்றிச் சாதுவானார். அவர் மனைவி லேபுக்கே வந்து, போர்டைத் தடவிக்கொடுத்துவிட்டுப் போனார்.

வினை அங்கேதான். ஆர்டர் கொடுக்க வாடிக்கையாளர் வந்த நாளில், நூற்றுப்பத்து என்று எழுதிக்கொடுத்திருந்த போர்டு தொண்ணூறில் படுத்துக்கொண்டது. குக்கரைக் கொதிக்க வைக்க, பக்கத்து போர்டில் ஒரு கெப்பாசிட்டரை வேண்டுமென்றே தலைகீழாக மாட்டி கரண்ட் கொடுத்தாள். படார்! "பரவால்லம்மா, நான் சேர்ந்த புதுசுல மேஜையையே கொளுத்தினேன்" என்று அவர் சிரித்தார். வாடிக்கையாளர் பையை மூடினார். வேலை கையைவிட்டுப் போவது கண்ணுக்குத் தெரிந்தது. சட்டென்று அம்மாவுக்கு போன் போட்டு ஸ்பீக்கரை போர்டின் பக்கம் திருப்பினாள்.

"அம்மா, இந்த லீவுக்கும் வர முடியாதும்மா."

"என்னடி சொன்ன? போன தடவையும் இதே பாட்டு! அந்தப் பெட்டியையே கட்டிக்கிட்டு அழு! பெத்தவ ஒருத்தி இருக்கான்னு நெனப்பு இருக்கா உனக்கு?"

மீட்டர் நூற்றைம்பதைத் தாண்டியது. அம்மா மூச்சு வாங்கினாள். பிறகு குரல் இறங்கி, "சரி, சாப்டியா?" என்றாள்.

மீட்டர் இறங்கவில்லை. முள் கடைசிக் கோட்டில் முட்டி வளைந்தது. கட்டடம் முழுக்க விளக்குகள் பளீரென்றன.

ஆர்டர் கையெழுத்தானது, அவள் வேலையும் நிரந்தரமானது. அன்றைக்கே பஸ் பிடித்து வீட்டுக்குப் போய் மிச்சத் திட்டையும் நேரில் வாங்கிக்கொண்டாள். அந்த மாடல் இன்றும் விற்பனையில் இருக்கிறது. வயரும் திருகாணியும் பெட்டிக்குள் வரும், திட்டுவதற்கு ஆளை வாங்குகிறவரே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும் என்று அட்டையில் அச்சிட்டிருக்கிறார்கள். ஆள் கிடைக்கவில்லை என்று இதுவரை ஒரு புகாரும் வரவில்லை.